அடுத்து எந்த இனம்? வார்கிராஃப்ட் ஊகக்காரர்களுக்கான கேள்வி பதில்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டை ஆடும் எவரிடமும் ஒரு பந்தயம் மிச்சமிருக்கும். விரிவாக்கம் என்ற பெயரில் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும் புதுப் பாகத்தில் அடுத்து எந்த இனம் வரும் என்பதுதான் அது. நானும் பந்தயம் கட்டியிருக்கிறேன், பெரும்பாலும் தோற்றிருக்கிறேன். தோற்றவன் கற்றுக்கொண்டது எதையாவது சொல்லலாம் என்ற உரிமையில், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

இந்த விளையாட்டில் ‘இனம்’ என்றால் என்ன?

கணக்கைத் திறந்து புதுப் பாத்திரம் உருவாக்கும்போது முதலில் தேர்ந்தெடுக்கும் உடல்தான் இனம். மனிதர், குள்ளர், ஓர்க், ட்ரோல் என்று வரிசையாக நிற்பார்கள். உயரம், முகம், குரல், நடனம், சொந்த ஊர், ஒன்றிரண்டு பிறவித் திறமைகள் எல்லாம் அதிலேயே அடங்கும். போர்வீரனா, மந்திரவாதியா என்பது வேறு தேர்வு. அதை வகுப்பு என்கிறோம்.

‘இனம்’ என்ற சொல் நமக்குக் கொஞ்சம் கனமானதுதான். மேசையில் பகடை உருட்டி ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்கூட 2024ஆம் ஆண்டுப் புத்தகத்தில் பழைய சொல்லை விட்டு உயிரினம் என்ற பொருள் தரும் சொல்லுக்கு மாறிவிட்டது. வார்கிராஃப்ட் இன்னும் மாறவில்லை. எனவே நானும் மாறவில்லை.

இதுவரை எவை, எப்போது வந்தன?

2004 நவம்பரில் விளையாட்டு தொடங்கியபோது எட்டு. எதிரெதிர் அணிகள் இரண்டு. அலையன்ஸ் அணிக்கு மனிதர், குள்ளர், நீளக் காது கொண்ட நைட் எல்ஃப், இன்னும் குட்டையான நோம். ஹோர்ட் அணிக்கு பச்சை நிற ஓர்க், தந்தம் நீண்ட ட்ரோல், மாட்டு மனிதரான டாரன், உயிர்த்தெழுந்த பிணங்கள்.

2007இல் அலையன்ஸுக்கு டிரனாயும் ஹோர்டுக்கு பிளட் எல்ஃபும் வந்தன. 2008இல் ஒன்றுமில்லை. 2010இல் அலையன்ஸுக்கு ஓநாய் மனிதரான வோர்கன், ஹோர்டுக்கு குட்டையான பச்சை காப்ளின். 2012இல் பாண்டா கரடி மனிதரான பாண்டரென், இரு அணிக்கும் பொது. பிறகு 2014, 2016 என்று இரண்டு விரிவாக்கங்களில் பட்டினி. 2018 ஜனவரிக்கும் 2020 ஜனவரிக்கும் இடையில் திடீர் விருந்து: பத்து துணை இனங்கள். 2022இல் டிராகன் மனிதரான டிராக்திர், 2024இல் கல் குள்ளரான எர்த்தன். 2025இல் மிட்நைட் விரிவாக்கத்துக்கு அறிவிக்கப்பட்டது, மண்ணுக்கடியில் வேர்களிடையே வாழும் ஹரானிர். ஆக மொத்தம் இருபத்தாறு.

‘ஒரு விரிவாக்கம் விட்டு ஒரு விரிவாக்கம்’ என்று முன்பு ஒரு கணக்குச் சொல்வார்கள். மேலே உள்ள பட்டியலோடு அதை ஒட்டிப் பாருங்கள், ஒட்டாது.

கதையில் யார் முக்கியமோ அவர்கள்தானே அடுத்து வருவார்கள்?

இதைத்தான் எல்லாரும் நம்புகிறார்கள். நானும் பத்து ஆண்டுகளுக்கு மேல் நம்பினேன். கதைப் புத்தகங்களை விரித்து, யாருக்கு யார் உறவு, எந்தப் போரில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று ஜாதகம் பார்ப்பது போலப் பார்த்தேன். ஜோசியரைக் கேட்டதற்குப் பதில் தையற்காரரைக் கேட்டிருக்க வேண்டும்.

கதை வளையும். அதற்கு நல்ல சாட்சி டிரனாய். இதற்கு முந்தைய விளையாட்டான மூன்றாம் வார்கிராஃப்டில் அவர்கள் கூன் விழுந்த, சிதைந்த உருவங்கள். 2007இல் விளையாடக்கூடிய இனமாக வந்தபோது உயரமாக, கொம்பும் குளம்பும் ஒளிரும் கண்களுமாக நின்றார்கள். எரெடார் என்ற பேய்க் குலத்தின் நல்ல பாதிதான் இவர்கள் என்று புதுக் கதை சொன்னார்கள். பழைய கதையில் எரெடார்தான் சார்கெராஸ் என்ற தெய்வத்தைக் கெடுத்தவர்கள். புதுக் கதையில் சார்கெராஸ்தான் அவர்களைக் கெடுத்தான். அப்போது கதைக்குப் பொறுப்பாக இருந்த கிறிஸ் மெட்சன், பழையதைக் கவனிக்காமல் எழுதிவிட்டதாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தவறு தெரிந்த பிறகும் டிரனாய் போகவில்லை, பழைய கதைதான் போயிற்று.

உடல் அப்படி வளையாது. ஓர் உடல் வேண்டுமென்றால் ஆண், பெண் இரண்டுக்கும் உருவம் வேண்டும். ஓட, நீந்த, குதிக்க, வில் வளைக்க, மந்திரம் ஓத, மீன் பிடிக்க, நாற்காலியில் உட்கார, விழுந்து சாக அசைவு வேண்டும். நகைச்சுவை சொல்லும் குரல், சல்லாபம் பேசும் குரல், அழும் குரல் வேண்டும். நடனம் வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகு, 2004 முதல் வரைந்து குவித்த ஆயிரக்கணக்கான சட்டை, கவசம், தொப்பி, தோள்பட்டை எல்லாம் அந்த உடம்பில் உட்கார வேண்டும். இந்தக் கடைசி வேலைதான் பெரும்பாலான கனவுகளைக் கொன்றது.

அந்தத் தையல் கணக்கை இன்னும் விளக்க முடியுமா?

டாரனின் காலைப் பாருங்கள். குளம்பு. எந்தக் காலணி போட்டாலும் கெண்டைக்காலில் ஒரு பட்டை மட்டும் தெரியும், பாதம் வெறுமையாகவே இருக்கும். ட்ரோலுக்கும் அதே கதை. இரண்டு விரல் பாதம், மேலே அழகாக வேலைப்பாடு செய்த காலணியின் கணுக்கால் பகுதி. கொம்பு உள்ளவர்களுக்குத் தலைக்கவசம் எப்போதும் தகராறு. இருபது ஆண்டுகளாக மக்கள் இதைப் பற்றிப் புலம்புகிறார்கள். இவையெல்லாம் கொம்பும் குளம்பும் மட்டுமே உள்ள, மற்றபடி மனித வடிவான உடல்கள்.

டிராக்திர் வந்தபோது இந்தப் புலம்பலுக்கு ஒரு தீர்வு கண்டார்கள். இறக்கையும் வாலும் நீண்ட கழுத்தும் உள்ள டிராகன் உடல் அது. டிராகன் வடிவில் தோள்கவசம், இடுப்புப்பட்டை, மேலங்கி போன்ற ஒன்றிரண்டு மட்டும் தெரியும், மற்றவை மறைந்துவிடும். முழு உடையையும் காட்ட ஆசைப்பட்டால் எல்ஃப் போன்ற மனித முகத்துக்கு மாறிக்கொள்ளலாம். புத்திசாலித்தனம்தான். ஆனால் ஆறு மாதம் உழைத்துச் சேர்த்த கவசத்தைப் போட்டுக்கொண்டு சண்டைக்குப் போனால் அது காணாமல் போனது பலருக்கு ஆறவில்லை. டிராக்திர் விளையாடிய என் நண்பர் ஒருவர் மூன்று மாதத்தில் பழைய குள்ளனுக்கே திரும்பிவிட்டார். தாடிக்கு மேல் தலைக்கவசம் சரியாக உட்கார்வதே போதும் என்றார்.

இன்னோர் இணைய விளையாட்டான ஃபைனல் ஃபேண்டஸி 14இல் இதே பாடம் இன்னும் கடுமையாகக் கிடைத்தது. 2019இல் முயல் காது கொண்ட வியெராவும் சிங்க முகம் கொண்ட ஹ்ரோத்காரும் வந்தார்கள். வியெராவில் பெண் மட்டும், ஹ்ரோத்காரில் ஆண் மட்டும். வியெரா ஆண்கள் 2021இல் வந்தார்கள். ஹ்ரோத்கார் பெண்களுக்கு 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நீளக் காதுக்கும் பிடரி மயிருக்கும் மேல் பெரும்பாலான தொப்பிகள் தெரியவே தெரியாது என்று ஏற்பாடு. பின்னால் சிலவற்றைச் சரிசெய்தார்கள். இரண்டு உடல்கள், ஐந்து ஆண்டுகள், இன்னும் தீராத தொப்பிப் பஞ்சாயத்து.

‘துணை இனம்’ என்றால் என்ன? ஏன் ஒரே மூச்சில் பத்து?

வார்கிராஃப்டைச் செய்யும் பிளிஸார்ட் நிறுவனம் 2017 நவம்பரில் தன் பிளிஸ்கான் விழாவில் இதை அறிவித்தது. ஏற்கெனவே உள்ள ஓர் இனத்தின் உறவினர்களைத் தனி இனமாகத் தருவது. பிளட் எல்ஃபின் பங்காளி வாய்ட் எல்ஃப், டாரனின் பங்காளி மலைநாட்டு டாரன், குள்ளரின் பங்காளி டார்க் அயர்ன் குள்ளர்.

பழைய இனங்களுக்குத் தனித் தொடக்க ஊர் கட்டினார்கள். வோர்கனுக்கு கில்னியாஸ் என்ற ஒரு நாடே கட்டினார்கள். காப்ளினுக்கு ஒரு தீவு, இன்னொரு தீவு. பாண்டரெனுக்கு ஆமை முதுகில் ஒரு தீவு. துணை இனங்களுக்கு அதெல்லாம் கிடையாது. தலைநகரில் ஒரு தூதரகம், ஒரு சிறு கதை, அவ்வளவுதான்; நேராகக் களத்தில் இறங்கலாம். எலும்பும் அசைவும் பெரும்பாலும் கடன். நைட்போர்னுக்கு நைட் எல்ஃபின் உடற்கட்டு, நரி முகமான வல்பெராவுக்கு காப்ளினின் உடற்கட்டு. கவசங்கள் ஏற்கெனவே அந்த எலும்புக்குத் தைத்தவை. அதனால்தான் இரண்டே ஆண்டுகளில் பத்து.

அடுத்த இனத்தை ஊகிக்க விரும்புகிறவர்கள் 2018க்கு முன் நடந்ததை விட்டுவிட்டு இதையே பார்க்க வேண்டும். யாருடைய அளவுச் சட்டை கையில் தயாராக இருக்கிறது என்பதே முதல் கேள்வி.

ஆரம்பத்தில் துணை இனத்தைத் திறக்க ஒரு குழுவிடம் மிக உயர்ந்த நற்பெயர் சம்பாதிக்க வேண்டும். வாரக்கணக்கில் அதே வேலைகள். 2021இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். நான் எல்லாவற்றையும் சம்பாதித்து முடித்த பிறகு.

ஓகர் ஏன் வரவில்லை?

என் காயம் இதுதான். கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஓகர் என்பவன் பானை வயிறு, மொட்டைத் தலை, சில சமயம் ஒற்றைக் கண், சில சமயம் இரட்டைத் தலை. 1995இல் வந்த இரண்டாம் வார்கிராஃப்டிலேயே ஹோர்டுக்காகச் சண்டையிட்டவன். 2004 முதல் ஊருக்கு ஊர் எதிரியாக நின்று நம் கையால் செத்துக்கொண்டிருக்கிறான். ஸ்டோன்மால் குலத்து ஓகர்கள் ஹோர்ட் பக்கமே இருக்கிறார்கள். ரெக்ஸார் என்ற புகழ்பெற்ற வேட்டைக்காரன் பாதி ஓகர். கதைப்படி பார்த்தால் காப்ளினுக்கு முன்னால் இவனுக்குத்தான் இடம் கிடைத்திருக்க வேண்டும்.

2014இல் வார்லார்ட்ஸ் ஆஃப் டிரேனார் விரிவாக்கம் வந்தபோது நான் உறுதியாகப் பந்தயம் கட்டினேன். கதை நடக்கும் இடமே ஓகர்களின் தாய்நாடு. அவர்களுக்கு ஒரு பேரரசு, ஹைமால் என்ற மாநகர், மார்காக் என்ற இரட்டைத் தலைப் பேரரசன். இதைவிட என்ன வேண்டும்? வந்தது என்ன? புது இனமே இல்லை. அந்த ஆண்டு பழைய இனங்களின் உருவங்களையெல்லாம் புதிதாக வரைந்தார்கள். பிளட் எல்ஃபுக்கு மட்டும் 2015 பிப்ரவரி வரை ஆயிற்று. பத்து இனம், ஆணும் பெண்ணுமாக இருபது உடல். தையற்காரர் முழு நேரமும் பழைய வாடிக்கையாளர்களோடு இருந்தார். ஓகர் வாசலில் நின்றான்.

2018இல் துணை இனம் என்றதும் மறுபடி கட்டினேன். ஓர்க்கின் பங்காளியாக ஓகர் வருவான் என்று நினைத்தேன். வந்தது மாக்'ஹார், பழுப்பு நிற ஓர்க். ஓர்க்கின் எலும்பு, ஓர்க்கின் சட்டை, நிறம் மட்டும் வேறு.

ஓகரின் சிக்கல் வயிறு மட்டுமல்ல. இத்தனை ஆண்டுகளில் ஓர் ஓகர் பெண்ணை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. ஆணுக்கு எதிரியாக நிற்கும் பழைய உருவம் இருக்கிறது. பெண்ணுக்கு ஒன்றுமே இல்லை. ஓகர் பெண் எப்படி இருப்பாள் என்று ஒருவர் முதலில் வரைந்து, அது எல்லோருக்கும் பிடித்து, அதன் பிறகுதான் ஊசியில் நூல் கோக்க முடியும். இரட்டைத் தலையை எடுத்தால் ரசிகர் சண்டைக்கு வருவார். வைத்தால் ஒரு தலைக்கவசம் இரண்டாக வேண்டும்.

மூன்றாம் முறை எப்போது கட்டினேன் என்பதைச் சொல்ல விரும்பவில்லை.

நாகா?

பெயரைக் கேட்டதும் நமக்கு நாகர் சிலை நினைவுக்கு வரும். மேலே மனிதர், கீழே பாம்பு. விளையாட்டிலும் அதேதான். கடலில் மூழ்கிய பழைய எல்ஃப் பிரபுக்கள் அரசி அஷாராவோடு நாகாவாக மாறியதாகக் கதை. நல்ல கதை, நல்ல அரசி, வில்லத்தனத்துக்கும் குறைவில்லை.

கால் இல்லை. காலணி எங்கே போடுவது, குதிரையில் எப்படி ஏறுவது? பெண்களுக்கு நான்கு கை. வாள் எந்தக் கையில்? ஆணும் பெண்ணும் வேறு வேறு பிராணி போல இருப்பார்கள் என்பதால் இரண்டு உடலுக்கு இரண்டு தனித் தையல். 2019இல் நஸ்ஜட்டார் என்ற கடலடி ஊருக்கு நம்மைக் கூட்டிப்போனபோது எல்லாரும் நாகாவை எதிர்பார்த்தார்கள். அங்கே நட்பு பாராட்டியவர்கள் அலையன்ஸுக்கு அங்கோவன் என்ற மீன் மனிதர்களும் ஹோர்டுக்கு கடல் காப்ளின்களும். அவர்களும் இனமாக வரவில்லை.

பாதி உடல் குதிரையான சென்டாருக்கும் இதே பதில்தான். குதிரைமேல் குதிரை ஏறுவதை யார் வரைவது?

குட்டி மீன் மனிதரான மர்லாக்?

வராது. கேட்பவர்களுக்கும் அது தெரியும்.

ஹை எல்ஃப் ஏன் இவ்வளவு பெரிய சண்டை?

அழகானவர்கள் என்பதால்தான். மற்ற காரணங்களெல்லாம் பிறகு கண்டுபிடித்தவை.

விஷயம் இது. பழைய எல்ஃப் நாட்டை பிணப் படை அழித்தபோது பெரும்பகுதி மக்கள் இறந்தார்கள். பிழைத்தவர்கள் இளவரசன் கேல்தாஸின் தலைமையில் தங்களை பிளட் எல்ஃப் என்று அழைத்துக்கொண்டு பின்னால் ஹோர்டில் சேர்ந்தார்கள். சேர மறுத்த மிகச் சிலர் ஹை எல்ஃப் என்ற பழைய பெயரோடு அலையன்ஸ் பக்கமே இருந்துவிட்டார்கள். உடம்பு ஒன்றே, கண் நிறம் மட்டும் நீலம். அலையன்ஸ் ரசிகர்கள் இந்த நீலக் கண்ணைப் பல ஆண்டுகள் கேட்டார்கள். ஹோர்ட் ரசிகர்கள், எங்கள் வீட்டுப் பெண்ணை நீங்கள் எப்படிக் கேட்கலாம் என்ற தோரணையில் மறுத்தார்கள்.

2018இல் நடுவழியாக ஊதா நிற வாய்ட் எல்ஃப் வந்தது. இரு தரப்பும் திட்டியது. 2020இல் வாய்ட் எல்ஃபுக்கு வெளிர் நிறத் தோலும் நீலக் கண்ணும் கொடுத்தார்கள். சண்டை ஏறக்குறைய அடங்கியது. பெயர் கிடைக்கவில்லை, முகம் கிடைத்தது.

இந்த வழியை ஊகக்காரர்கள் கவனிக்க வேண்டும். உடல் ஒன்றாக இருந்து நிறமோ உடலில் குத்திய பச்சையோ மட்டும் மாறினால் அது இனி தனி இனமாக வராது, முடி நிறம் போல ஒரு தேர்வாக வரும். வைல்டுஹாமர் குள்ளர் அப்படித்தான் பச்சைகுத்தல்களாக வந்தார்கள். டிரனாயின் சிவந்த பங்காளிகளான மனாரியும் 2023இல் ஒரு தோல் நிறமாகத்தான் வந்தார்கள். எனவே காட்டு ட்ரோல், பனி ட்ரோல், மணல் ட்ரோல் என்று நீளமாகப் பட்டியல் போடுபவர்கள் தாளை மிச்சப்படுத்தலாம்.

பாம்பு முகம், ஆமை முகம் என்று எத்தனையோ இருக்க, நரி முகம் எப்படி முந்தியது?

பேட்டில் ஃபார் ஆஸரோத் விரிவாக்கம் வந்த 2018இல் வோல்டூன் பாலைவனத்தில் மூன்று கூட்டம் பார்த்தோம். வண்டி கட்டிக்கொண்டு வியாபாரம் செய்யும் குட்டி நரிகளான வல்பெரா, பாம்பு முகச் சேத்ராக், கடற்கரையில் சுவடி சேர்க்கும் ஆமைக் கிழவர்களான டோர்டோலன். சேத்ராக் வீரம் பேசியது. டோர்டோலன் ஞானம் பேசியது. வல்பெரா கூடாரத்தில் குழந்தையை வைத்துக்கொண்டு சமைத்துக்கொண்டிருந்தது.

காப்ளினின் எலும்பு வல்பெராவிடம் ஏற்கெனவே இருந்ததைச் சொன்னேன். அதோடு நான் இப்போது பார்க்கும் இன்னோர் அடையாளம், அந்தக் கூட்டத்துக்குள் கிழவர், பெண், குழந்தை எல்லோரும் நடமாடுகிறார்களா என்பது. எதிரியாக மட்டும் வைத்திருப்பவர்களுக்கு யாரும் அடுப்பு வரைவதில்லை. 2020 ஜனவரியில் வல்பெரா ஹோர்டுக்குப் போனது. அதே நாளில் அலையன்ஸுக்குக் கிடைத்தது பாதி உடல் இயந்திரமான மெக்காநோம். அலையன்ஸ் நண்பர்களின் முகம் அன்று எப்படி இருந்தது என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஹரானிரும் இதே வாசல் வழியாகத்தான் வந்தது. 2024இன் வார் விதின் விரிவாக்கத்தில் ஓர்வெய்னா என்ற ஹரானிர் பெண் கதைக்குள் நுழைந்தபோதே பலர் விரலை நீட்டிவிட்டார்கள். அடுத்த ஆண்டு அறிவிப்பு வந்தது.

ஈதரியல்?

உடலே இல்லாத, துணி சுற்றிய ஆற்றல் உருவங்கள். 2007 முதல் கடை விரித்து வியாபாரம் செய்கிறார்கள். 2025 ஆகஸ்டில் அவர்களின் சிதைந்த உலகமான கரேஷுக்கே நாம் போய்விட்டோம். இரண்டு கை, இரண்டு கால், நிமிர்ந்த நடை. தையற்காரருக்குச் சிரமமில்லாத உடல். ஆனால் முகமும் முடியும் இல்லாதவர்களுக்கு என்ன தேர்வு கொடுப்பது? துணியின் நிறம், உள்ளே எரியும் ஒளியின் நிறம், அதற்கு மேல்? எனக்கு இது ஐம்பதுக்கு ஐம்பது.

அறிவிப்புக்கு முன் வெளியாகும் கசிவுகளை நம்பலாமா?

பெரும்பாலும் கூடாது. எல்லோருடைய ஆசையையும் ஒரே பட்டியலில் நிறைவேற்றும் கசிவு பொய். உண்மையான அறிவிப்பு எப்போதும் யாரையாவது ஏமாற்றும். எர்த்தன் என்ற கல் குள்ளர் வருவதாக எந்த ஆசைப் பட்டியலிலும் நான் படித்த நினைவில்லை. ஏற்கெனவே இரண்டு குள்ளர் இருக்கும்போது மூன்றாவதை யார் கேட்பார்கள்?

நல்ல தடயங்கள் எப்போதும் சின்னப் பொருள்களாகவே இருக்கும். 2009இல் சோதனைப் பதிப்பின் கோப்புகளைக் கிண்டியவர்கள் காப்ளின், வோர்கன் முகமூடிகளைக் கண்டார்கள். ஹாலோவீன் பண்டிகைக்குக் கொடுக்கும் காகித முகமூடிகள் அவை. அந்த முகமூடி வரிசையில் அதுவரை விளையாடக்கூடிய இனங்களின் முகங்களே இருந்தன. அப்படியானால் இவை ஏன் அங்கே? அந்த ஆகஸ்டு பிளிஸ்கானில் இரண்டு இனங்களும் அறிவிக்கப்பட்டன. 2011இல் ‘மிஸ்ட்ஸ் ஆஃப் பண்டேரியா’ என்ற பெயருக்கு வணிக முத்திரை கேட்டு நிறுவனம் விண்ணப்பித்தது வெளியே தெரிந்தது. பாண்டா கரடியா, பொம்மை விற்பனைக்காக இருக்கும் என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். பாண்டரென் முன்பு ஏப்ரல் முட்டாள் தின வேடிக்கையாக வெளிவந்தது என்பதால் அந்தச் சிரிப்புக்கு நியாயமும் இருந்தது.

யாரோ தெரியாதவர் எழுதிய பத்துப் பக்க ‘உள்தகவலை’விட ஒரு காகித முகமூடி மேல்.

எந்த அணிக்கு வரும்?

இந்தக் கேள்விக்கு முன்பு உயிர் இருந்தது. 2007க்கு முன் ஷாமன் வகுப்பு ஹோர்டுக்கு மட்டும், பலாடின் அலையன்ஸுக்கு மட்டும். டிரனாயும் பிளட் எல்ஃபும் வந்துதான் அந்த வேலியை உடைத்தார்கள். 2022இல் இரு அணியினரும் சேர்ந்து குகைகளுக்குப் போக அனுமதி கிடைத்தது. 2023இல் ஒரே சங்கத்திலும் சேரலாம் என்றானது. டிராக்திர், எர்த்தன், ஹரானிர் மூன்றுமே இரு அணிக்கும் பொது. இனி வருவதும் பொதுவாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு இனம் செய்து ஆளுக்கொன்று கொடுப்பதைவிட ஒன்று செய்து இருவருக்கும் கொடுப்பது பாதிச் செலவு.

பிறவித் திறமைகளை முன்கூட்டி ஊகிக்க முடியுமா?

முடியும், பயனில்லை. வந்த மாதமே மாற்றுவார்கள். வகுப்புகளைப் பற்றியும் அப்படித்தான். டாரன் கன்னக்கோல் திருடனாவது என்பது ஆண்டுக்கணக்கில் சிரிப்புக்குச் சொன்ன உதாரணம். 2022இல் அது நடந்தேவிட்டது. இப்போது இருட்டில் பதுங்கி நிற்கும் அந்த மாட்டை யாரும் கேலி செய்வதில்லை.

மற்ற விளையாட்டுகளில் எப்படி?

பலவற்றில் இந்தப் பந்தயமே கிடையாது. கில்டு வார்ஸ் 2 2012இல் ஐந்து இனங்களோடு வந்தது, இன்றும் ஐந்து. பறவை முகமான டெங்கு இனத்தைக் கேட்டுக் கேட்டு அங்கே ஒரு தலைமுறை ஓய்ந்துவிட்டது. எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் 2014 முதல் பத்து. அதற்கும் முன்னோடியான எவர்குவெஸ்ட்தான் தாராளம்: 1999இல் தொடங்கி, 2000இல் பல்லி மனிதர் இக்சார், 2001இல் பூனை மனிதர் வா ஷிர், 2003இல் தவளை மனிதர் ஃப்ராக்லாக். தவளைகள் வந்தபோது ட்ரோல்களின் சொந்த ஊரையே பிடித்துக்கொண்டன. அங்கே ட்ரோல் விளையாடியவர்கள் வீடு இழந்து நின்றார்கள். இனம் சேர்ப்பதில் அந்தத் துணிச்சலை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. கவசங்களும் உருவங்களும் எளிமையாக இருந்த காலம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சரி, உங்கள் பந்தயம்?

டஸ்கார்.

தந்தம் நீண்ட வால்ரஸ் முகம், குண்டு உடல், மீன்பிடித் தொழில். 2008இல் நார்த்ரெண்ட் என்ற பனி படர்ந்த வடநாட்டின் கரையில் முதலில் பார்த்தோம். 2022இல் டிராகன்ஃப்ளைட் விரிவாக்கம் வந்தபோது இஸ்காரா என்ற ஊரில் புது உருவத்தோடு பார்த்தோம். ஆண், பெண், குழந்தை எல்லாம் இருந்தார்கள். ஊரே கூடி ஒரு பெரிய அண்டாவில் சூப் காய்ச்சும் விழாவும் இருந்தது; நாமும் போய் அண்டாவைக் கிளறினோம். அடுப்பு என்ற என் அடையாளத்தை இதைவிடத் தெளிவாக யாரும் வரைந்துவிட முடியாது.

அப்படியும் 2024இல் வந்தது எர்த்தன், அடுத்தது ஹரானிர். ஆகவே என் கணக்கில் ஓட்டை இருப்பது எனக்கே தெரிகிறது. அடுப்பும் அளவுச் சட்டையும் இருந்தால் வரலாம் என்றுதான் சொல்ல முடியும், வந்தே தீரும் என்று சொல்ல முடியாது. ஆனால் 2023இல் அறிவித்த மூன்று பாகக் கதையின் கடைசிப் பாகமான லாஸ்ட் டைட்டன் மறுபடி வடநாட்டுக்குப் போகிறது. டஸ்காரின் சொந்தக் கரை அது. அங்கே எனக்குப் போட்டி என்றால் வ்ரைகுல்தான், மனிதரின் ராட்சத மூதாதையர். அவர்களிடம் பெண் வீரர்கள் உண்டு, கவசம் உண்டு, கதைப் பின்னணியும் உண்டு. ஆனால் அந்த உயரத்துக்கு வாசல் போதாது. சுருக்கினால் தாடி வைத்த மனிதர்களாகிவிடுவார்கள். தாடி வைத்த பருமனான மனிதர்களாக குல் டிரன் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

தம்பியோடு ஒரு பிரியாணிக்குக் கட்டியிருக்கிறேன். அவன் ஓகர் பக்கம்.

அதுவரை காத்திருந்து புது இனத்திலேயே தொடங்கலாமா?

வேண்டாம். இப்போது பிடித்த உடலில் தொடங்குங்கள். இனத்தை மாற்றக் கட்டணச் சேவை இருக்கிறது. பெயர், சேர்த்த பொருள், வகுப்பு எல்லாம் அப்படியே இருக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: துணை இனத்துக்கு உரிய பாரம்பரியக் கவசம் வேண்டுமென்றால் அந்த இனத்திலேயே கீழிருந்து ஏறி வந்திருக்க வேண்டும். காசு கொடுத்து மாறியவர்களுக்கு அது கிடைக்காது. வல்பெராவின் பாலைவன உடுப்பு அழகானது, அதற்காக நான் ஒரு முறை முழுதாக ஏறினேன். டஸ்கார் வந்தால் இன்னொரு முறை ஏறுவேன்.